யார் வீடுன்னு போடட்டும்?

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம்.

‘ஒருவருக்கு அடையாளம் தருவது உறவா, சாதனையா?’ இதுதான் தலைப்பு. உறவே என்று பேச வந்திருக்கிறேன். எதிரணித் தலைவர் ஒரு கேள்வியைப் போட்டுவிட்டு அமர்ந்தார். “இன்னார் மகள், இன்னார் மனைவி, இன்னார் தாய் என்றே சொல்லி, எத்தனை பெண்களின் பெயரை இந்த உறவு விழுங்கியிருக்கிறது?” அதைத் தாண்டிக் குதித்துப் போக மாட்டேன். பதில் வைத்திருக்கிறேன். அதற்கு முன் பழைய சோழர் தலைநகரான உறையூர் வரை வாருங்கள்.

கோப்பெருஞ்சோழனை அவன் பெற்ற பிள்ளைகளே எதிர்த்தார்கள். மனம் நொந்து, நாட்டைத் துறந்து, உண்ணாமல் உயிர்விட வடக்கிருந்தான். அப்போது, “பாண்டி நாட்டிலிருந்து புலவர் பிசிராந்தையார் வருவார், அவருக்கு இடம் விடுங்கள்” என்றான். இருவரும் முகம் பார்த்ததே கிடையாது, கேள்விப்பட்டதோடு சரி. வருவாரா என்று ஐயப்பட்டவர்களுக்கு அரசன் என்ன சான்று காட்டினான் தெரியுமா? புறநானூற்று 216ஆம் பாட்டு: ‘தன்பெயர் கிளக்கும் காலை என்பெயர் பேதைச் சோழன் என்னும்’. பெயர் என்ன என்று கேட்டால் நண்பனின் பெயரைச் சொல்கிறவர் வராமலா போவார்?

வந்தார். அவரும் வடக்கிருந்தார்.

பாடல் பாடிப் புகழ் பெற்ற புலவர் அவர். சாதனைதான் அடையாளம் என்றால் அதையல்லவா சொல்லியிருக்க வேண்டும்? ‘இத்தனை வயதாகியும் ஏன் நரைக்கவில்லை?’ என்ற கேள்விக்கு 191ஆம் பாட்டில் அவர் சொல்லும் பதிலைப் பாருங்கள். மனைவி, மக்கள், ஏவலர், அரசன், ஊரில் வாழும் சான்றோர். தன் பெருமை ஒரு சொல் இல்லை. இன்னொன்றும் கவனியுங்கள். பெற்ற பிள்ளைகள் கைவிட்ட இடத்தில் வந்து நின்ற உறவு இது. ரத்தத்தை மட்டும் நான் உறவு என்று சொல்லவில்லை.

இப்போது எதிரணியின் கேள்விக்கு வருகிறேன். எங்கள் வீட்டில் அப்பா எழுதி வைத்த மொய் நோட்டு இருக்கிறது. ஊர், தகப்பன் பெயர், ஆள் பெயர், 51, 101 என்று பக்கம் பக்கமாக. யார் என்ன படித்தார், என்ன பதவி வகித்தார் என்று ஒரு வரி கிடையாது. ஆனால் ஊரார் நோட்டுகளில் எங்கள் வீட்டு மொய் முழுக்க அப்பா பெயரில்தான் ஏறியிருக்கிறது. சிறுவாடு சேர்த்துக் கொடுத்தது அம்மா.

அது தவறுதான். என் அம்மாவுக்கு நடந்ததை இந்த மேடையில் மழுப்ப மாட்டேன். ஆனால் அது உறவு செய்த தவறா? ஒருவர் கொடுத்துக்கொண்டே இருக்க, மற்றவர் வாங்கிக்கொண்டே இருந்ததால் வந்த தவறு. புலவர் பெயரைத் தந்தார், சோழன் தன் பக்கத்தில் இடம் தந்தான். அங்கே இரண்டு கைகளும் நீண்டன.

அப்பா போன பிறகு ஒரு காதுகுத்துக்கு அம்மாவோடு போயிருந்தேன். மொய் எழுதுகிறவர், “யார் பேர்ல?” என்றார். அம்மா தன் பெயரைச் சொன்னாள். அதுதான் முதல் தடவை. அவர் எழுதிவிட்டு, “யார் வீடுன்னு போடட்டும்மா?” என்றார். அப்பா பெயரைச் சொல்வாள் என்று நினைத்தேன். என் தோளில் கை வைத்து, “இவ அம்மான்னு போடுங்க” என்றாள்.

நன்றி, வணக்கம்.