பூண்: அழகுக்கா, பலத்துக்கா?

ஏற்காட்டிலிருந்து ஒரு அண்ணன் கேட்டிருக்கிறார்: "தாத்தா காலத்து நாற்காலியின் கால் நுனிகளில் பித்தளை வளையம் இருக்கிறது. ஆசாரி அதைப் பூண் என்கிறார். ஒன்று கழன்றுவிட்டது. அழகுக்குத்தானே, நான்கையும் எடுத்துவிடலாமா?"

எடுத்துவிடாதீர்கள் அண்ணா. விறகு பிளக்கும்போது பார்த்திருப்பீர்கள். மரத்தைக் குறுக்கே வெட்டுவதற்குத்தான் பாடு. கட்டையை நிறுத்தி அதன் தலையில் கோடாலியைப் போட்டால் நாரோடு இரண்டாகப் பிளந்துவிடும். நாற்காலிக் காலின் நுனியும் அதே மாதிரிதான். தரையில் இழுபட்டு, ஈரம் ஏறி, முதலில் வாய் பிளப்பது அந்த இடம். பூண் அதைச் சுற்றி இறுக்கிப் பிடித்துக்கொள்கிறது.

உளியை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் காம்பு மரப்பிடிக்குள் ஆப்பு மாதிரி இறங்கியிருக்கிறது. கொட்டாப்புளியால், அதாவது மரச் சுத்தியலால், அடிக்கிற ஒவ்வொரு அடிக்கும் பிடியைப் பிளக்கப் பார்க்கும். அதனால்தான் பிடியின் கழுத்தில் ஒரு பூண். அடி வாங்குகிற தலையிலும் சில உளிகளுக்குப் பூண் உண்டு. உங்கள் தோட்டத்துக் கவாத்துக் கத்தியின் பிடியையும் பாருங்கள். உலக்கைப் பூண் எல்லோருக்கும் தெரியும்.

எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் இந்தச் சொல்தான். பழந்தமிழில் பூண் என்றால் நகை. பூணுவது என்றால் அணிவது. ஆங்கிலத்தில் இதை ஃபெரூல் என்பார்கள். அதன் மூலம் சின்னக் கைவளையைக் குறிக்கும் ஒரு லத்தீன் சொல். இரும்புக்கான ஃபெர்ரும் என்ற சொல்லின் சாயல் பிறகு அதில் ஏறிக்கொண்டது. இரண்டு மொழிக்காரர்களுக்கும் அது மரம் போட்ட வளையலாகத் தெரிந்திருக்கிறது! இங்கே சேலத்தில் வெள்ளி வேலைக்காரர்களிடம் ருத்ராட்சத்துக்குப் பூண் கட்டித் தரச் சொல்கிறோமே, அதுவும் இதே சொல்தான்.

சரி, கழன்ற பூணுக்கு வருவோம். மரம் காய்ந்து சுருங்கியிருக்கும். தண்ணீரில் ஊறவைத்து இறுக்காதீர்கள். ஊறிய மரம் வளையத்துக்குள் நசுங்கி, காய்ந்ததும் முன்னைவிட இளைத்துவிடும். மரத்தை இழைக்கும்போது சுருண்டு விழும் இழைப்புளிச் சீவலை மரப்பசை தடவிக் காலைச் சுற்றி ஒட்டுங்கள். காய்ந்ததும் அரத்தால் அளவாக ராவி, பழைய பூணையே தட்டி ஏற்றுங்கள். மாசி, பங்குனியில் செய்தால் நல்லது. மரம் நன்றாகக் காய்ந்திருக்கும்போது ஏற்றிய பூண், மலையில் மழையும் மூடுபனியும் வரும்போது மரம் உப்பி இன்னும் இறுகிக்கொள்ளும்.