மென்கல் தீவில் நடந்த நாட்கள்

நேயர்களுக்கு வணக்கம். மத்தியதரைக் கடலிலுள்ள மால்டா நாட்டைச் சேர்ந்த கோசோ என்னும் சிறு தீவில், கூட்டமில்லாத மே மாதத்தில் சில நாட்கள் தங்கி, பெரும்பாலும் நடந்தே சுற்றிய அனுபவத்தைப் பேச வந்திருக்கிறேன். தீவின் நீளம் 14 கிலோமீட்டர், அகலம் 7 கிலோமீட்டர்தான் என்பதால், வாடகைக் காரில் காலையில் வந்து மாலையில் திரும்புகிறவர்களே அதிகம்; அவர்கள் கோசோவைப் பார்த்ததாக நான் ஒப்புக்கொள்வதில்லை.

மால்டாவின் பெரிய தீவின் வடமுனையிலிருந்து கார்களையும் ஏற்றிச் செல்லும் கப்பலில் 25 நிமிடப் பயணம். போகும்போது யாரும் சீட்டுக் கேட்பதில்லை. திரும்பும்போதுதான் கட்டணம் வாங்குகிறார்கள். இறங்கியதும் மேற்குக் கரையிலிருந்த 'நீலச் சாளரம்' என்னும் பாறை வளைவைப் பார்க்க ஓடுவது முன்பெல்லாம் வழக்கமாக இருந்தது. 2017 மார்ச் 8 அன்று அடித்த புயலில் அந்த வளைவு இடிந்து கடலுக்குள் போய்விட்டது. நான் ஷாரா என்ற ஊரிலிருந்து நடக்கத் தொடங்கினேன்.

அங்கேதான் ஜ்கன்டீயா கோயில்கள் இருக்கின்றன. பொ.ஆ.மு. 3600 அளவில் எழுந்தவை. எகிப்தின் பெரிய பிரமிடுக்கு ஆயிரம் ஆண்டுகளாவது மூத்தவை. ஐந்து மீட்டருக்கு மேல் நீளமும் ஐம்பது டன்னுக்கு மேல் எடையும் கொண்ட கற்கள் உண்டு. தேனையும் ஒருவகை மொச்சையையும் மட்டுமே தின்ற ஓர் அரக்கி, தோளில் குழந்தையோடு இவற்றைச் சுமந்து வந்து கட்டினாள் என்பது ஊரார் சொல்லும் கதை. புறச்சுவரின் கல் கரடுமுரடாகவும் உள்வாசல்களின் கல் தேன் நிறத்தில் வழவழப்பாகவும் இருப்பதைச் சற்று நின்று பார்த்தால்தான் தெரியும். உளிக்கு எளிதில் இணங்கும் இந்த மென்கல்தான் தீவின் வீடுகளிலும் தேவாலயங்களிலும் கண்ணில் படுகிறது.

ஷாராவிலிருந்து மார்சல்ஃபோர்ன் என்ற மீனவர் துறைக்கு இறங்கி, கரையோரமாக மேற்கே நடந்தால் அதே மென்கல் வேறு உருவில் காலடிக்கு வருகிறது. ஷ்வெய்னி உப்பளம் என்பது மண்ணில் கட்டிய பாத்தி அன்று. கடலோரப் பாறையையே சதுரம் சதுரமாகக் குடைந்து, தலைமுறை தலைமுறையாகப் பராமரித்து வரும் தொட்டிகள். பெரிய தொட்டியில் வெயிலில் காய்ந்து செறிந்த நீரைச் சிறிய தொட்டிகளுக்கு மாற்றுகிறார்கள். உப்புப் பூத்ததும் துடைப்பத்தால் கூட்டிக் குவித்து, நீர் வடிந்தபின் பாறையில் குடைந்த அறைகளுக்குள் சேர்க்கிறார்கள். நான் குனிந்து பார்த்த தொட்டியில், ஓரத்தில் மட்டும் நகத்தின் பருமனுக்கு ஒரு வெள்ளை விளிம்பு கட்டியிருந்தது. தொட்டிகளின்மேல் நடக்கவேண்டாம் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். படம் எடுக்கும் ஆர்வத்தில் அதை மீறுகிறவர்களைப் பார்க்கத்தான் எனக்குக் கோபம் வந்தது.

வழியில் நிழல் கிடையாது. கள்ளிச்செடி வேலிகளும் காரையில்லாமல் அடுக்கிய கல்மதில்களும்தான் துணை. ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் இந்த நடையை யாருக்கும் சொல்லமாட்டேன். சில கற்களில் 'ஆர்.டி.ஓ.' என்று பெரிதாக எழுதியிருக்கும். நம்மூர் வாகன அலுவலகம் இங்கே எப்படி வந்தது என்று ஒரு கணம் திகைத்தேன். உரிமையாளருக்கு மட்டும் உரிய நிலம் என்பதற்கான ஆங்கிலச் சுருக்கம் அது. பறவை வேட்டைக்காரர்கள் எழுதி வைப்பது.

உப்பளம் முடிந்து மேலும் நடந்தால், வீத் இல் ஆஸ்ரி என்னும் ஒடுங்கிய கடற்கால் வருகிறது. இருபுறமும் செங்குத்துப் பாறை. நடுவே படிக்கட்டு இறங்கி, கூழாங்கற்கள் நிறைந்த சிறு கரையில் முடிகிறது. நான் போன நேரத்தில் அங்கே ஒருவரும் இல்லை. அலை திரும்பும்போது கற்கள் உருண்டு எழுப்பும் சலசலப்பைக் கேட்டபடி, பையிலிருந்த ரொட்டியையும் ஆட்டுப்பால் கட்டியையும் தின்று முடித்து, வந்த வழியே திரும்பினேன். வணக்கம்.