பேரிடர் என்னும் சொல்

அவைத் தலைவர் அவர்களே, பணிகளுக்கிடையே வருகை தந்திருக்கும் வட்டாட்சியர் அவர்களே, எனக்குத் தமிழ் கற்பித்து இன்று முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பேராசிரியர் ஐயா அவர்களே, மீனவப் பஞ்சாயத்துப் பெரியவர்களே, தாய்மார்களே, அனைவருக்கும் வணக்கம். வாடகை வாங்காமல் மண்டபம் தந்த நூலகக் குழுவினருக்கு என் நன்றி.

இச்சொல்லின் வேர், வழக்கு, சட்டப்பொருள் என மூன்றையும் பேசுவதாக அழைப்பிதழில் அச்சிட்டிருக்கிறார்கள். ‘இடர்’ பழஞ்சொல், துன்பத்தையே கடலாகக் கண்டு ‘இடராழி நீங்குகவே’ என்று பாடினார் பொய்கையாழ்வார். இலங்கையில் அரசுத் தமிழ் ‘அனர்த்தம்’ என்கிறது, இங்கே ‘பேரிடர்’. ஆனால் 2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டம் தரும் பொருள்தான் என் நெஞ்சைப் பிடித்துக்கொண்டது. பாதிக்கப்பட்ட பகுதி மக்களின் சமாளிக்கும் திறனுக்கு அப்பாற்பட்டதே பேரிடர் என்கிறது அது. அப்படியானால் சுனாமி அலை வெறும் இடர்தான். நம் ஆயத்தம் போதாதபோதே அது பேரிடர் ஆகிறது. வெள்ளம் வருமுன் அணை போடு என்று நம் முன்னோர் சொன்னதும் இதைத்தானே!

புதுவைக்கு அருகிலுள்ள நல்லவாடு கிராமத்தை நினைத்துப் பாருங்கள். எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே ஓர் அறிவு மையம் அமைத்து, அலையின் உயரத்தையும் வானிலையையும் ஒலிபெருக்கியில் மீனவர்களுக்கு அறிவித்து வந்தது. 2004 டிசம்பர் 26 காலை சுமத்ரா அருகே நிலம் நடுங்கியபின் நம் கரைக்கு அலை வந்துசேர இரண்டு மணி நேரத்துக்கு மேலாயிற்று; ஆனாலும் நமக்குச் சொல்வார் இல்லை. நல்லவாட்டுக்குச் சொல்ல ஒருவர் இருந்தார். சிங்கப்பூரில் வேலை பார்த்த அவ்வூர் இளைஞர் தொலைக்காட்சியில் செய்தி கண்டு, பதறி, வீட்டுக்குத் தொலைபேசியில் சொன்னார். ஊரார் மையத்துக்கு ஓடினார்கள்; பூட்டியிருந்த கதவை உடைத்து உள்ளே புகுந்து, அதே ஒலிபெருக்கியில் எல்லாரையும் ஓடச் சொன்னார்கள். வீடுகள் இடிந்தன, படகுகள் போயின; ஆனால், ஐயா, 3,500க்கும் மேற்பட்டோர் வாழ்ந்த அந்த ஊரில் ஓர் உயிர்கூடப் போகவில்லை!

இச்சொல்லின் வழக்கைப் பற்றியும் விரிவாகப் பேசவே எண்ணியிருந்தேன். நேரம் இடம் தரவில்லை. வெள்ளம் வருமுன் அணை போடு என்பதை மீண்டும் சொல்லி, வட்டாட்சியர் அவர்களிடம் ஒரு விண்ணப்பம் வைக்கிறேன். நம் வட்டத்தின் ஒவ்வொரு மீனவக் குப்பத்துக்கும் மின்சாரம் போனாலும் மின்கலத்தில் ஒலிக்கும் ஒலிபெருக்கி ஒன்று வேண்டும். அதன் சாவி ஊர்ப் பஞ்சாயத்தாரிடமே இருக்க வேண்டும். கையெழுத்திட்ட மனு இதோ என் கையில் இருக்கிறது. மேடையிலேயே பெற்றுக்கொள்ளுமாறு வேண்டுகிறேன்.