குடலில் பொத்தான் அளவு, கல்லீரலில் கைப்பிடி அளவு

[திரையில்: நீளவாக்கில் வெட்டி விரித்த சிறுகுடல் துண்டு]

இந்தக் குடல் துண்டின் உட்சுவரைப் பாருங்கள். ஓரிடத்தில் மட்டும் சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு மேடு தெரிகிறது. திசுக்களைக் கெடாமல் வைக்கும் ஃபார்மலின் திரவத்தில் ஊறவைத்து வெட்டினால் உள்ளே மஞ்சள் பாரித்திருக்கும். விரலுக்குத் தட்டுப்படும் இந்த மேடு, ஸ்கேனில் பல நேரம் சிக்குவதில்லை. இதுதான் நியூரோஎண்டோகிரைன் கட்டி என்ற வகையின் மூலக் கட்டி, அதாவது முதலில் தோன்றிய கட்டி.

[திரையில்: கல்லீரலின் ஸ்கேன் படம்]

இது கல்லீரல். இங்கே இருப்பவை அந்தப் பொத்தானிலிருந்து பிரிந்து வந்தவை. ஒன்று கைப்பிடி அளவுக்கு வளர்ந்திருக்கிறது.

ஹார்மோன் சுரக்கும் செல்களிலிருந்து கிளம்புபவை நியூரோஎண்டோகிரைன் கட்டிகள். குடலிலும் கணையத்திலும் நுரையீரலிலும் வரலாம். 1907-இல் ஜெர்மன் நோய்க்குறியியல் மருத்துவர் சீக்ஃபிரீட் ஓபெர்ண்டோர்ஃபர் இவற்றுக்கு 'கார்சினாய்ட்', அதாவது 'புற்றுநோயைப் போன்றது' என்று பெயரிட்டார். சாதுவானவை என்றே அப்போது நினைத்தார். பரவவும் கூடும் என்று 1929-இல் அவரே திருத்திக்கொண்டார். பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டுவிட்டது.

சரி, இடம் மாறினால் என்ன மாறுகிறது? முதலில் நோயாளி உணர்வது மாறுகிறது.

[திரையில்: குடல், கல்லீரல், இதயம், நுரையீரல், இரத்தம் ஓடும் திசையில் அம்புக்குறிகள்]

குடலிலிருந்து கிளம்பும் இரத்தம் போர்ட்டல் சிரை வழியாக முதலில் கல்லீரலுக்குத்தான் போகிறது. மூலக் கட்டி செரடோனின் என்ற ஹார்மோனைச் சுரந்தாலும் கல்லீரல் அதைச் சிதைத்துவிடும். அதனால் ஆண்டுக்கணக்கில் எந்த அறிகுறியும் இல்லாமல் இருக்கலாம். கட்டி கல்லீரலிலேயே குடியேறிவிட்டால் கதை வேறு. அங்கே சுரப்பது கல்லீரல் சிரை வழியாக நேரே இதயத்தின் வலப்பக்கம் போய்ச் சேர்கிறது. முகம் திடீரென்று சிவந்து சூடேறும், வயிற்றுப்போக்கு நிற்காது, நாளடைவில் வலப்பக்க வால்வுகள் தடித்து விறைத்துவிடும். இடப்பக்க வால்வுகள் பெரும்பாலும் தப்பித்துவிடுகின்றன. காரணம், நடுவில் நுரையீரல் செரடோனினை இன்னொரு முறை சிதைக்கிறது. உடலின் இந்த ஏற்பாட்டை எத்தனை முறை படித்தாலும் எனக்கு வியப்பு தீர்வதில்லை.

இது இரத்தம் போகும் வழியால் வந்த வித்தியாசம். செல்களே மாறுவதும் உண்டு.

[திரையில்: நுண்ணோக்கியின் காட்சி, நீல உட்கருக்களுக்கு நடுவே சில பழுப்பு உட்கருக்கள்]

பழுப்பாகத் தெரிபவை பிரிந்து பெருகிக்கொண்டிருக்கும் செல்கள். கேஐ-67 என்ற புரதத்துக்கு ஏற்றிய சாயம் அது. குறைந்தது 500 செல்களையாவது எண்ணி, நூற்றுக்கு எத்தனை பழுப்பு என்று கணக்கிடுகிறார்கள். செரிமான மண்டலக் கட்டிகளுக்கு 3 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் கிரேடு 1, 3 முதல் 20 வரை கிரேடு 2, அதற்கு மேல் கிரேடு 3. கிரேடு என்பது வளரும் வேகம். எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்பது ஸ்டேஜ். இரண்டையும் குழப்பிக்கொள்ளாதவர் குறைவு.

ஓர் எடுத்துக்காட்டு. குடல் கட்டியில் 500-க்கு 6 செல்கள் பழுப்பு என்றால் 1.2 சதவீதம், கிரேடு 1. அதே ஆளின் கல்லீரல் கட்டியில் 500-க்கு 40 என்றால் 8 சதவீதம், கிரேடு 2. இரண்டு அறிக்கையும் சரியானவைதான். எல்லோருக்கும் இப்படி ஆவதில்லை; கிரேடு அப்படியே இருப்பவர்களும் உண்டு, அரிதாகக் குறைவதும் உண்டு. ஆனால் மாறும்போது கூடுவதே அதிகம். கல்லீரலில் பக்கத்துப் பக்கத்துக் கட்டிகளே ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாமல் இருக்கலாம். ஆகவே பல ஆண்டுகளுக்கு முன் எடுத்த பயாப்ஸி (ஊசியால் எடுத்த திசுத் துணுக்கைச் சோதிப்பது) அறிக்கையை மட்டும் நம்பி இன்றைய கட்டிக்கு மருந்து முடிவு செய்வது சரியல்ல என்பது என் கருத்து. நோய் திடீரென்று வேகம் எடுத்தால், மீண்டும் பயாப்ஸி தேவையா என்று மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள்.

ஊசி எல்லாக் கட்டிக்குள்ளும் போக முடியாது. அங்கே பெட் ஸ்கேன் உதவுகிறது. கேலியம்-68 டோட்டாடேட் என்ற கதிரியக்கப் பொருளைச் செலுத்தி எடுக்கும் ஸ்கேனில் ஒளிரும் கட்டியின் செல்களில், சோமடோஸ்டாடின் என்ற ஹார்மோனைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பிகள் நிறைய இருக்கின்றன. சிகிச்சைக்குத் தரும் லுடீசியம்-177 கதிர்மருந்து பிடித்துக்கொள்வதும் அந்த ஏற்பிகளைத்தான். கதிரியக்கக் குளுக்கோஸைச் செலுத்தி எடுக்கும் ஸ்கேனில் மட்டும் ஒளிரும் கட்டி பெரும்பாலும் ஏற்பிகளை இழந்து வேகமெடுத்த கட்டி. ஒரே உடலில் இரண்டு வகையும் இருந்தால், ஒரு மருந்து எல்லாவற்றையும் தொடாது.

[திரையில்: கல்லீரல் பயாப்ஸி ஸ்லைடு, நெருக்கத்தில்]

இவ்வளவு மாறினாலும் பிறந்த இடத்தின் அடையாளம் பெரும்பாலும் அழிவதில்லை. கல்லீரலில் எடுத்த துணுக்கில் சிடிஎக்ஸ்2 என்ற புரதத்துக்கான சாயம் அழுத்தமாக ஏறினால் குடலைத் தேட வேண்டும். டிடிஎஃப்-1 என்ற புரதத்துக்கான சாயம் ஏறினால் நுரையீரலை. மூலக் கட்டி எங்கே என்றே தெரியாத நோயாளிக்கு இந்தத் துப்புதான் தொடக்கம். ஸ்கேன் கைவிட்ட பிறகும், அறுவை சிகிச்சை நிபுணர் சிறுகுடலை முழத்துக்கு முழம் விரல்களுக்கிடையே நழுவவிட்டுத் தடவிப் பார்ப்பார். எங்கோ ஓரிடத்தில் அந்தப் பொத்தான் தட்டுப்படும். பல நேரம் ஒன்றல்ல, மூன்று நான்கு.