செங்கல் சுவருக்குப் பின்னால் ஒரு ரயில் நிலையம்

(காட்சி: ஓடும் ரயிலின் ஜன்னல். வெளியே இருட்டு.)

லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தில் இறங்கி, பெட்டி படுக்கையோடு பிக்காடிலி பாதை சுரங்க ரயிலில் ஊருக்குள் போயிருக்கிறீர்களா? அடுத்த முறை, ஹைட் பார்க் கார்னர் நிலையம் தாண்டியதும் கைபேசியை மடியில் வைத்துவிட்டு வெளியே பாருங்கள். அதுவரை வளைந்த இரும்புச் சுவர்தான் ஓடிக்கொண்டிருக்கும். சட்டென்று, கேபிள்களுக்குப் பின்னால் செங்கல் சுவர் ஒன்று வந்து போகும். சில நொடிகள்தான். கண் இமைத்தால் தவறிவிடும்.

அந்தச் சுவருக்குப் பின்னால் இருப்பது டவுன் ஸ்ட்ரீட் நிலையம்.

(காட்சி: ரத்தச் சிவப்பு டைல்ஸ் பதித்த முகப்பு, அரைவட்ட ஜன்னல்கள்.)

இது திறக்கப்பட்டது 1907 மார்ச் 15 அன்று. கட்டடக் கலைஞர் லெஸ்லி கிரீன் லண்டனில் கட்டிய பல நிலையங்களுக்கு இதே சிவப்பு முகம்தான். அழகில் ஒரு குறையும் இல்லை, இடம்தான் தவறிவிட்டது. நிலையம் இருந்த மேஃபேர் பகுதி பெரும் பணக்காரர்களின் பேட்டை. வாசலில் சொந்த வண்டி காத்து நிற்கிற வீட்டிலிருந்து யார் டிக்கெட் வாங்க வருவார்கள்? நிலையமோ பிரதான சாலையில் இல்லாமல் பக்கத்துத் தெருவில் ஒதுங்கியிருந்தது. இருபுறமும் கூப்பிடு தூரத்தில் வேறு நிலையங்கள். லிஃப்டில் இறங்கி ரயிலுக்குக் காத்திருக்கும் நேரத்தில் நடந்தே போய்விடலாம். 1918-இல் ஞாயிற்றுக்கிழமைகளில் மூடினார்கள். 1932 மே 21 அன்று ஒரேயடியாக மூடிவிட்டார்கள்.

யாரும் வராத இடம் என்பதே பிறகு அதன் யோக்கியதை ஆகிவிட்டது.

(காட்சி: குறுகிய நடைவழி, பழைய குளியல் தொட்டி.)

இரண்டாம் உலகப் போர் தொடங்கியதும் பிரிட்டனின் ரயில்களை ஒருங்கிணைத்து நடத்திய குழு இங்கே குடியேறியது. நடைமேடை விளிம்பில் சுவர் எழுப்பி, உள்ளே அலுவலகம், தொலைபேசி இணைப்பகம், சமையலறை, படுக்கையறை, குளியலறை எல்லாம் அமைத்தார்கள். சுவருக்கு இந்தப் பக்கம் தட்டச்சு. அந்தப் பக்கம் தடதடத்துப் போகும் ரயில். அந்தக் குளியல் தொட்டிகள் இன்றும் தூசி படிந்து அங்கேயே கிடக்கின்றன.

எனக்குப் பிடித்த விவரம் வேறொன்று. நடைமேடையில் ஒரு சிறு துண்டை மட்டும் சுவர் எழுப்பாமல் விட்டிருந்தார்கள். அதிகாரி ஒருவர் வெளியே போக வேண்டுமானால் சிவப்பு விளக்கைப் போடுவார். ரயில் நிற்கும். அவர் ஓட்டுநர் அறையில் ஏறிக்கொள்வார். பெட்டிக்குள் இருந்தவர்கள் சிக்னல் கிடைக்கவில்லை என்று நினைத்திருப்பார்கள், பாவம்.

1940-இன் கடைசி மாதங்களில் குண்டுமழைக்குத் தப்பி இங்கே வந்து உறங்கிய இன்னொருவர், பிரதமர் சர்ச்சில். இந்த இடத்துக்கு அவர் வைத்த செல்லப்பெயர் ‘கொட்டகை’.

(காட்சி: ஆல்ட்விச் நிலைய வாசல்.)

இதே பிக்காடிலி பாதைக்கு ஒரு கிளை இருந்தது. ஹோபர்ன் நிலையத்திலிருந்து ஆல்ட்விச் வரை, ஒரே ஒரு நிறுத்தம். இதுவும் 1907-இல் பிறந்தது. இங்கும் கூட்டம் இல்லை. முதல் உலகப் போரில் தேசிய ஓவியக்கூடத்தின் ஓவியங்களை இங்கே பதுக்கினார்கள். இரண்டாம் போரில் ரயிலையே நிறுத்திவிட்டு, பிரிட்டிஷ் அருங்காட்சியகத்திலிருந்த பார்த்தினான் கோயில் சிற்பங்களைச் சுரங்கத்துக்குள் இறக்கினார்கள். ஏதென்ஸிலிருந்து பெயர்த்து வந்த பளிங்குத் தெய்வங்கள் ஒருபுறம். குண்டுக்குப் பயந்து பாயும் போர்வையுமாக வந்து படுத்த லண்டன்வாசிகள் மறுபுறம்.

போர் முடிந்து 1946-இல் ரயில் மறுபடி ஓடியது. ஆனால் 1907-இல் பொருத்திய லிஃப்டுகளுக்கு வயதாகிவிட்டது. மாற்றுவதற்கு ஏறக்குறைய 30 லட்சம் பவுண்டு தேவை. அன்றாடம் வந்தவர்களோ சுமார் 450 பேர். 1994 செப்டம்பர் 30 அன்று கடைசி ரயில் போனது. இப்போது அங்கே சினிமாக்காரர்கள்தான் வாடிக்கையாளர்கள். காலியான நடைமேடை, தண்டவாளம், குறுக்கே வராத பயணிகள். படப்பிடிப்புக்கு வேறென்ன வேண்டும்?

(காட்சி: முகப்பின் எழுத்துகள், நெருக்கத்தில்.)

லண்டன் போக்குவரத்து அருங்காட்சியகம் இந்த இரண்டு நிலையங்களுக்கும் ஆட்களை அழைத்துப் போகிறது. ஆல்ட்விச் போனால் வாசலில் நின்று அண்ணாந்து பாருங்கள். 1915-இல் பெயரை மாற்றிவிட்டாலும், சுவரில் இன்னும் பழைய பெயர்தான் இருக்கிறது: ஸ்ட்ராண்ட்.