கோப்பையில் ஒட்டிய சாயம்

வணக்கம் நேயர்களே.

சாயத்தண்ணி, அதாவது பால் விடாத தேநீர், குடித்த கோப்பையைக் கழுவாமல் ஓர் இரவு வைத்துப் பாருங்கள். விடிந்தால் உள்ளே பழுப்புக் கறை பிடித்திருக்கும். சாம்பல் போட்டுத் தேய்த்தால்தான் போகும். கழுவுகிறவருக்கு அது தொல்லை. அமெரிக்காவில் நோர்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்களுக்கோ அதுவே ஒரு துப்பு. தேயிலையில் உள்ள பொலிபீனோல் என்ற இரசாயனப் பொருள் கண்ணாடி, உலோகம், எதுவுமே ஒட்டாத டெஃப்லோன் மேலும்கூட மெல்லிய படலமாகப் படிகிறது என்று 2013இல் காட்டினார்கள். நிறமே தெரியாத அந்தப் படலம் கிருமிகளையும் கொல்கிறதாம்.

இது ஏன் முக்கியம்? ஆஸ்பத்திரியில் சிறுநீர் போக ஒரு குழாய் போடுகிறார்கள். பக்டீரியா அதன் சுவரில் ஒட்டி, பெருகி, தன்னைச் சுற்றிப் பிசின் போன்ற ஒன்றைச் சுரந்து உள்ளே பதுங்கிக்கொள்கிறது. அதற்குப் பிறகு அன்டிபயோட்டிக் கொடுத்தாலும் உள்ளே இருப்பவை எளிதில் சாவதில்லை. மருந்துக்குப் பழகிய கிருமி என்றால் கேட்கவே வேண்டாம். 2019இல் மட்டும் உலகில் சுமார் 12 லட்சத்து 70 ஆயிரம் பேர் இப்படிப்பட்ட கிருமிகளால் நேரடியாக இறந்ததாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். டிஸ்பென்சரியில் தந்த கெப்சூலில் பாதியை மிச்சம் பிடித்துப் பக்கத்துக் காம்பராவுக்குக் கொடுக்கிறோமே, கிருமியைப் பழக்குவதில் அதற்கும் பங்கு உண்டு.

ஒட்டவே விடாத, ஒட்டினாலும் பிழைக்க விடாத பொருள்களைத் தேடுவது இதனால்தான். கிருமிக்கு எதிராக வெள்ளி பழைய ஆயுதம். வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலில் தேயிலைச் சாற்றை விட்டால் கரைசல் மெல்லப் பழுப்பாகும்; வெள்ளி நுண்துகள்கள் உண்டாவதன் அடையாளம் அது. ஆனால் வெள்ளிக்கும் கிருமி பழகும். பொஸ்டனில் தீக்காய நோயாளிகளிடம் அப்படியொரு சல்மொனெல்லா பக்டீரியா இருந்தது 1975இலேயே பதிவாகிவிட்டது.

அந்தி சாய்ந்ததும் காட்டோரம் இரைகிற சில்வண்டைத் தெரியுமல்லவா? அந்த இனத்தின் சிறகில் கண்ணுக்குத் தெரியாத ஊசிமுனைகள் நெருங்கி நிற்கின்றன. அதில் படிந்த சூடோமோனாஸ் பக்டீரியாவின் மேற்சவ்வு கிழிந்துபோவதை 2012இல் அவுஸ்திரேலிய ஆய்வாளர்கள் கண்டார்கள். மருந்தே கிடையாது, வெறும் வடிவம்தான். தடித்த சுவருள்ள ஸ்டெஃபிலோகொக்கஸ் போன்ற பக்டீரியா மட்டும் அந்தச் சிறகுக்குத் தப்பிவிடுகிறது. நஞ்சைவிட இந்த வழியில்தான் எனக்கு நம்பிக்கை அதிகம்.

இதைக் கேட்டுவிட்டு யாரும் புண்ணில் சாயத்தண்ணியை ஊற்ற வேண்டாம். ஆய்வுகூடப் படலம் வேறு, அடுப்படிக் கேத்தல் வேறு.

தலவாக்கலையில் தேயிலை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, பேராதனையில் பல்கலைக்கழகம் இருக்கிறது. ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், சலித்து ஒதுக்கும் கழிவுத் தூளிலும் பொலிபீனோல் இருக்கிறது. இரசாயனம் படிக்கிற நம் பிள்ளைகள் அதில் கை வைக்கலாம். முதலில் பார்க்க வேண்டியது, அந்தப் படலம் குழாய்ச் சுவரில் எத்தனை நாள் உரியாமல் தாங்குகிறது என்பதைத்தான்.