பேச ஓர் இடம்

நடுவர் அவர்களே, பாளையங்கோட்டைப் பெருமக்களே, வணக்கம். ஆண்களுக்கான இணையக் குழுக்கள் தருவது ஆறுதலா, ஆத்திரமா? ஆறுதலே என்று பேச வந்திருக்கிறேன்.

எதிரணி அக்கா, "அதெல்லாம் பெண்களைத் திட்டுகிற கூடாரம்" என்றார்கள். 2018இல் கனடாவின் டொராண்டோவில் நடைபாதையில் போனவர்கள் மீது வேனை ஏற்றிக் கொன்றவனைச் சொன்னார்கள். உண்மைதான். பெண்களை வெறுக்கும் அந்த மாதிரி இணையக் கூட்டத்துக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் அவன் தன்னை அடையாளம் சொல்லிக்கொண்ட 'இன்செல்' – அதாவது, விரும்பியும் துணை கிடைக்காதவர் – என்ற சொல் எங்கே பிறந்தது தெரியுமா? 1990களில், அதே கனடாவில், துணை கிடைக்காமல் தவிக்கும் ஆணும் பெண்ணும் மனம்விட்டுப் பேச ஒரு பெண் தொடங்கிய இணையப் பக்கத்தில். பிற்பாடு அவர் விலகிக்கொண்டார். வெறுப்பைப் பேசுகிறவர்கள் அந்தச் சொல்லை எடுத்துக்கொண்டார்கள். நல்லவர்கள் உட்கார்ந்து பேச வேண்டிய இடத்தை, கெட்ட இடம் என்று சொல்லி ஒதுக்கினால் அங்கே யார் மிஞ்சுவார்கள்?

சரி, நம்ம ஊருக்கு வருவோம். முக்கூடல் பக்கம் திண்ணையில் சொளவை மடியில் வைத்துப் பீடி சுற்றும் பெண்களைப் பாருங்கள். கை இலையில் இருக்கும், வாய் வீட்டுக் கஷ்டத்தைச் சொல்லும், பக்கத்தில் இருப்பவள் கேட்டுக்கொள்வாள். ஆண்களுக்கும் டீக்கடை பெஞ்சு உண்டு, ஆற்றுப் படித்துறை உண்டு. அங்கே என்ன பேசுகிறோம்? பாபநாசம் அணையில் எத்தனை அடி தண்ணீர், பிசானத்துக்கு நாற்றுப் பாவலாமா, அடுத்து யார் ஆட்சி. "ராத்திரி தூக்கம் வரல" என்று எவன் சொல்லியிருக்கிறான்? சொன்னால், "ஆம்பளையா இருலே" என்பார்கள். தேசியக் குற்ற ஆவணக் காப்பகக் கணக்குப்படி 2022இல் இந்தியாவில் 1,70,924 பேர் தற்கொலை செய்துகொண்டார்கள். அதில் ஆண்கள் 1,22,000க்கும் மேல். முதல் காரணம் குடும்பப் பிரச்சினை.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். மனைவியைப் பிரிந்து, மகளை மாதம் இரண்டு முறை மட்டும் பார்த்துக்கொண்டிருந்த நாட்கள். ஒரு ராத்திரி ஒரு மணிக்கு, முகம் தெரியாத ஆண்கள் குழுவில் எழுதினேன். கோவில்பட்டிக்காரர் ஒருவர் உடனே கேட்டார்: "அண்ணே, சாப்பிட்டீங்களா?" விடியும்வரை பேசினார். என் மனைவியை ஒரு வார்த்தை தப்பாகச் சொல்லவில்லை. "பிள்ள முன்னால அவ அம்மாவைக் குறை பேசிராதீங்க" என்றுதான் சொன்னார். இதுதானா அக்கா ஆத்திரம்?

ஆனாலும் வேலை செய்யும் இடத்தில் அந்தக் குழுவை என் போனில் பார்த்த ஒருவர், "பொம்பளைக்கு எதிரான கோஷ்டியா?" என்று கேட்டார். அன்றிலிருந்து போனைக் கவிழ்த்து வைத்தேன். ஆறுதல் கிடைத்த இடத்தைத் திருட்டுச் சரக்கு மாதிரி ஒளித்து வைக்க வேண்டியிருந்தது. அந்தப் பேருக்குப் பயந்து உள்ளே வராமலே நின்றுவிட்டவர்கள் எத்தனை பேரோ!

போன தை மாதம் மகளோடு கடைத்தெருவில் நடந்தேன். "அம்மாவுக்கும் ஒரு கட்டுப் பனங்கிழங்கு வாங்குவோமாப்பா?" என்றாள். வாங்கிக் கொடுத்தேன். அன்றைக்கு ராத்திரி அதை முதலில் அந்தக் குழுவில்தான் சொன்னேன்.